மாசிலாமணி காரின் ரேடியோ

சாயங்காலம் ஆறு மணி முப்பத்தெட்டு நிமிஷம். கார்த்திகை மாதம். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு வரும் சாலை.

இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள். முள்ளுக்கு அப்பால் சேறு, அதற்கும் அப்பால் ஏரி. விளக்கு கிடையாது. வீடு கிடையாது. புயல் அடித்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வேரோடு சாய்ந்த மரங்களைச் சாலை ஓரத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். இருட்டில் அவை படுத்திருக்கும் ஆட்கள்போலத் தெரியும்.

அந்தச் சாலையில் ஒரே ஒரு கார். பெரிய, பழைய அமெரிக்கக் கார். உள்ளே இரண்டு பேர். ஓட்டியவர் ஆபிரகாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அமீர் ஜான், ரேடியோ ரிப்பேர்க்காரர்.

இந்த அமீர் ஜான் என் சிநேகிதன் உமருக்குச் சாச்சா. அவன் அப்பாவின் தம்பி. நானும் உமரும் பொன்னேரியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் கதை கட்டுகிறவன் இல்லை. சாச்சா அவனிடம் இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாராம். சொல்லி முடிக்கும் வரை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாராம்.

தண்ணீர் ஏறாமல் நம் படகு இந்த மணல்திட்டை விட்டு நகரப்போவதில்லை. நெருங்கி உட்காருங்கள். அந்த லாந்தரைக் கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள், காற்று அடிக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

எழுபத்து மூன்றாம் வருஷம். அமீர் ஜானுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் கடை. ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், பற்றவைக்கிற இரும்பு, சுவர் முழுக்கப் பலகை. பலகையில் ஊராருடைய ரேடியோக்கள். மெட்ராசில் எட்டு வருஷம் வேலை கற்றுக்கொண்டு வந்தவர். பெட்டியில் காதை வைத்துக் கேட்டே எந்த வால்வு போயிற்று என்று சொல்லிவிடுவார். தன் கைக்கு அடங்காத செட்டு இல்லை என்று அவருக்கு ஒரு எண்ணம்.

பொன்னேரியில் மாசிலாமணி என்று ஒரு இறால் ஏஜெண்டு. ஏரி இறாலுக்குத் திடீரென்று மவுசு வந்த காலம் அது. அவர் மெட்ராசில் ஏதோ பங்களாவில் கிடந்த அந்தப் பழைய காரை வாங்கி வந்தார். இன்ஜினைச் சரி பண்ணி, கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கண்ணாடிபோல ஆக்கிவிட்டார். டாஷ்போர்டில் ஒரு ரேடியோ இருந்தது. பதினைந்து வருஷமாக ஊமை. ஏரியல் முறிந்து, மட்கார்டில் ஒரு துருப்பிடித்த மொட்டைதான் மிச்சம்.

ஒருநாள் காரோடு வந்து அமீர் ஜான் கடை வாசலில் நின்றார்.

"பாய், இது பாடணும். என் பொண்ணு காந்தாவுக்கு வர்ற ஞாயிறு வுட்டு அடுத்த ஞாயித்துக்கெழமை கண்ணாலம். மொத நாளு மாப்பிள்ளை அழைப்பு இந்தக் கார்லதான். கார் உள்ளருந்து பாட்டு வரணும். ஊரே நின்னு பாக்கணும்."

"மெட்ராஸ்ல காட்னீங்களா?"

"காட்னேன். மூணு பேரு தூக்கிப் போட்டுடுன்னான். ஒன்னால முடியுமா, முடியாதா?"

முடியாது என்று அமீர் ஜானுக்குச் சொல்லத் தெரியாது.

டாஷ்போர்டிலிருந்து பெட்டியைக் கழற்றினார். இரும்புப் பெட்டி, கல்லுபோலக் கனம். மூடியைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு. வயரெல்லாம் கடித்து, பேப்பர் கண்டென்சர்களின் மெழுகு உருகி ஓடி, ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்து தொங்கியது. அவர் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு வயராக மாற்றினார். கண்டென்சர்களைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போட்டார். ஸ்பீக்கர் கிழிசலுக்கு மஸூதாவின் பழைய பட்டு முந்தானையில் ஒரு துண்டு வெட்டிப் பசை தடவி ஒட்டினார். மஸூதா அவர் மனைவி. ஸ்டேஷன் முள்ளை இழுக்கும் கயிறு அறுந்திருந்தது. அதற்கு வலை பின்னும் நைலான் நூல். ஏழு நாள் ராப்பகல். வால்வுகள் சிவந்தன. டயலில் விளக்கு எரிந்தது. ஆனால் சத்தம் வரவில்லை.

அந்தக் காலத்துக் கார் ரேடியோவில் வைப்ரேட்டர் என்று ஒன்று உண்டு. கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு அலுமினிய டப்பா, அடியில் நான்கு முள். பேட்டரியின் ஆறு வோல்ட் வந்ததும் உள்ளே ஒரு தகடு வண்டுபோல அதிரும். அந்த அதிர்வில்தான் வால்வுகளுக்கு வேண்டிய பெரிய வோல்ட் பிறக்கும். அது அதிரவில்லை என்றால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. இந்தக் காரில் அதிரவில்லை. திறந்து பார்த்தார். தகடு கரிந்து போயிருந்தது.

மெட்ராசுக்குப் போய் மூர் மார்க்கெட்டில் இரண்டு நாள் அலைந்தார். பழைய ரேடியோ ஏரியல் ஒன்று, இழுத்தால் நீளும் கம்பி, நல்லதாகக் கிடைத்தது. வைப்ரேட்டர் கிடைக்கவில்லை. புதன்கிழமை திரும்பி வந்தார். மாப்பிள்ளை அழைப்பு சனிக்கிழமை.

ஸ்டூலில் உட்கார்ந்து தலை நிமிர்ந்தார். எதிர்ப் பலகையில் குப்பத்து ரேடியோ இருந்தது.

முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டி ஒரு குப்பம். பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அங்கே கரண்ட் இல்லை. பஞ்சாயத்தில் கொடுத்த ஒரு பேட்டரி ரேடியோதான் ஊருக்கே. பனைமரக் கம்பத்தில் ஒரு கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். ஆறு நாற்பதுக்குக் கடலோர அறிவிப்பு வரும். காற்று எப்படி, போகலாமா கூடாதா என்று சொல்வார்கள். ஆம்பிளைகள் எல்லாரும் கம்பத்தடியில் மணலில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். யாரோ ஒருத்தர் வீட்டில் டிரான்சிஸ்டர் இருந்தது. அதில் பேட்டரிக் கட்டை தீர்ந்து மாதக் கணக்காயிற்று.

பத்து நாளைக்கு ஒருமுறை அந்த ரேடியோவின் பேட்டரியைத் தோளில் வைத்து, படகில் ஏறி, அமீர் ஜான் கடைக்குச் சார்ஜ் போடக் கொண்டுவருவார் வரதன். ஐம்பது வயது. அதிகம் பேசமாட்டார். அந்தத் தடவை பேட்டரியோடு ரேடியோவையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஸ்விட்சுக்குப் போகும் ஒரு வயர் விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான். மெட்ராசுக்குக் கிளம்பும் முன்பே, பத்தே நிமிஷத்தில் அமீர் ஜான் அதைப் பற்றவைத்துவிட்டார். பாடவும் வைத்துப் பார்த்தார். வீட்டுக்குள்ளிருந்து மஸூதாகூடக் கேட்டாள்.

அந்த ரேடியோவும் ஆறு வோல்ட். அதற்குள்ளும் அதே வைப்ரேட்டர்.

நாலைந்து நாள்தானே என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் முடிந்ததும் கழற்றி, திங்கட்கிழமை குப்பத்துக்குக் கொடுத்துவிடலாம். மாசிலாமணிக்கு நிதானமாக வேறு தேடிக்கொள்ளலாம்.

எடுத்தார். கார் ரேடியோவில் சொருகினார். நான்கு முள், நான்கு ஓட்டை. பொருந்தியது. உர்ர்... என்று அதிர்ந்தது. அரை நிமிஷத்தில் பாட்டு வந்தது.

வியாழக்கிழமை வரதன் வந்தார்.

"இன்னா பாய், செட்டு ஆயிடுச்சா?"

அமீர் ஜான் தலை தூக்காமல் கையிலிருந்த வயரைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "இல்ல வரதண்ணே. உள்ள ஒரு சாமான் போயிடுச்சு. மெட்ராசுக்கு எழுதிப் போட்டுக்கீறேன். திங்கக்கெழமை வாங்க."

வரதன் பலகையிலிருந்த ரேடியோவைப் பார்த்தார். "காத்து திரும்பற மாசம் பாய். ஆறு நாப்பது கேக்காம பசங்க தவிக்கிறானுங்க."

"நானே எடுத்தாந்து மாட்டிக் குடுக்கறேன்."

"ஒன்ன நம்பாம யார நம்பறது. திங்கக்கெழம வரேன்."

அவர் போனதும் உள்ளேயிருந்து மஸூதா வந்து நின்றாள். "அந்த செட்டு அன்னைக்கே பாடுச்சே."

"ஒனக்கு இதெல்லாம் தெரியாது. உள்ள போ."

அவள் போய்விட்டாள். அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம் என்று சாச்சா சொன்னாராம்.

வெள்ளிக்கிழமை ஆபிரகாம் காரைக் கொண்டுவந்து கடை வாசலில் விட்டார். பழைய மொட்டையைப் பிடுங்கிவிட்டு, இடது மட்கார்டில் அமீர் ஜான் ஓட்டையைப் பெரிதாக்கினார். அடிப்பக்கம் பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளபளக்க வைத்தார். அங்கே இரும்போடு இரும்பு சேரவில்லை என்றால் ரேடியோவில் இரைச்சல்தான் கேட்கும். ஏரியலை நிறுத்தி, நட்டை முடுக்கி, கேபிளை உள்ளே இழுத்தார். இன்ஜின் பொறி ரேடியோவில் படபடக்காமல் இருக்க டைனமோவில் ஒரு கண்டென்சர். கடைசியாக, தூரத்து ஸ்டேஷன் ஒன்றை வைத்துக்கொண்டு, ஏரியல் பக்கத்துச் சின்னத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். மங்கலாகக் கேட்ட குரல் கூடவே உட்கார்ந்து பேசுவதுபோலத் தெளிந்தது. கடைத்தெருவே காரைச் சுற்றி நின்றது.

"நம்ம பாய் கை யாருக்கு வரும்" என்றார் ஒருத்தர். அமீர் ஜான் சிரித்தார்.

சனிக்கிழமை. பொன்னேரி. மாப்பிள்ளை பின் சீட்டில். ஆபிரகாம் ஓட்ட, ரேடியோவைக் கவனிக்க அமீர் ஜான் முன் சீட்டில். நடை வேகத்தில் கார் போனது. ஏரியலில் மாலை சுற்றியிருந்தார்கள். ஜனம் ரேடியோவைக் கேட்கத்தான் கூட வந்தது. மாசிலாமணி காருக்கு முன்னால் நடந்தவர், நாலடிக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஒரு பாட்டு முடிந்தது. ஆறு நாற்பது.

வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் புயலாக வலுத்திருக்கிறது, மீனவர்கள் இன்று இரவும் நாளையும் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று ரேடியோ சொன்னது. தெளிவாகச் சொன்னது. இரைச்சலே இல்லை. அவர் வேலை அவ்வளவு சுத்தம்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருத்தர் ஜன்னலில் குனிந்தார். "இன்னா பாய், நல்ல காரியத்துல புயலு கியலுன்னுக்கினு. பாட்டு வையி."

அமீர் ஜான் குமிழைத் திருப்பினார். சிலோனில் பாட்டு வந்தது.

அந்த நிமிஷம் அவர் மனசுக்குள் கணக்குப் போட்டாராம். ஏழேகாலுக்குப் பழவேற்காட்டுக்குப் பஸ். எட்டரைக்குள் படகுத் துறை. ஒன்பது ஒன்பதரைக்குக் குப்பம். அவர்கள் கட்டுமரத்தைக் கடலில் தள்ளுவது விடிகாலை மூன்று மணிக்கு. நேரம் இருந்தது. நிறைய இருந்தது. ஆனால் போய் நின்றால் கேட்பார்கள். எங்கே கேட்டாய், எந்த ரேடியோவில் கேட்டாய், எங்கள் ரேடியோ எங்கே...

வானத்தைப் பார்த்தார். நட்சத்திரம் தெரிந்தது. அவர்களுக்குத் தெரியாததா, கடலைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் பந்தியில் உட்கார்ந்தார். சாப்பிட்டார். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

விடிவதற்குள் காற்று வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடித்தது. குப்பத்திலிருந்து இரண்டு கட்டுமரம் போயிருந்தது. ஐந்து பேர். மூன்று நாள் கழித்து மூன்று உடல்கள் ஒதுங்கின. மற்ற இரண்டு பேர் வரவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருத்தர் வரதன்.

அமீர் ஜான் கடையைத் திறக்கவில்லை. குப்பத்து ரேடியோமேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார். மஸூதா சோறு வைப்பாள், எடுப்பாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். நெற்றியில் பொட்டு இல்லை. வரதனின் மனைவி தேவகி.

"பாய், செட்டு ஆயிடுச்சான்னு கேட்டாரச் சொன்னாங்க. இனிமே அது இல்லாம யாரும் கடல்ல எறங்கக் கூடாதுன்னு ஊர்ல பேசிக்கீறாங்க."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"ரெண்டு நாள்ல நானே எடுத்தாறேன்மா."

"ஒனக்கு எதுக்கு பாய் செரமம்." அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் பொன்னேரிக்குப் பஸ் ஏறினார். மாசிலாமணி வீட்டில் என்ன பொய் சொல்லி வைப்ரேட்டரைக் கழற்றுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார். பொய் தேவைப்படவில்லை. அவரைப் பார்த்ததுமே மாசிலாமணி சொன்னார்.

"அந்த ரேடியோவக் கழட்டி எடுத்துக்கினு போயிடு பாய். எனக்கு வாணாம். என் சம்சாரம் அந்தக் கார்ல ஏறவே மாட்டேங்குது."

"இன்னா, இரைச்சலா?"

"இரைச்சல் இருந்தாத்தான் பரவால்லியே." மாசிலாமணி அவர் கண்ணைப் பார்க்கவில்லை. "சாயங்காலத்துல வெச்சிப் பாரு. நீயே கேளு. இங்க வாணாம், ஒன் கடைக்கு எடுத்துக்கினு போயி கழட்டு. ஆபிரகாம் கொண்டாந்து வுடுவான்."

அப்படித்தான் அந்த ஆறு முப்பத்தெட்டுக்கு அந்தச் சாலைக்கு வந்தார்கள்.

அமீர் ஜான்தான் குமிழைத் திருப்பினார். க்ளிக். டயலில் மஞ்சள் வெளிச்சம். உர்ர்... வைப்ரேட்டர் அதிர்ந்தது. வால்வு சூடாக அரை நிமிஷம்.

ஒரு ஸ்டேஷனும் வரவில்லை. இரைச்சலும் இல்லை. முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினார். எல்லா இடத்திலும் ஒன்றே கேட்டது.

அலை. தூரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக.

அப்புறம் மணலில் யாரோ உட்காரும் சத்தம். இன்னொருத்தர் உட்காரும் சத்தம். ஈரத் துணியைப் பிழிவதுபோல... தண்ணீர் சொட்டும் சத்தம். ஒரு செருமல். ரேடியோ பேசுவதற்காகப் பல பேர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு அமைதி.

யாரோ கேட்டார்கள். "இன்னும் சொல்லலியா?"

"இரு. இப்ப சொல்லுவாங்க."

இரண்டாவது குரல் வரதனுடையது.

அமீர் ஜான் குமிழை அணைத்தார். டயல் வெளிச்சம் போயிற்று. வைப்ரேட்டர் அதிர்வு நின்றது. அலைச் சத்தம் நிற்கவில்லை.

"தெனமும் இப்டிதான்" என்றார் ஆபிரகாம் மெதுவாக. "அணைச்சாலும் போவாது. கொஞ்ச நேரம் ஒக்காந்துகினு இருப்பாங்க. அப்பால போயிடுவாங்க."

"நிறுத்துங்க."

கார் நின்றது. இறங்கி முன்னால் போய் ஏரியலைப் பிடித்து உள்ளே அழுத்தினார். கம்பி நனைந்து ஜில்லென்று இருந்தது. அன்று மழை கிடையாது. ஒவ்வொரு கணுவாக உள்ளே போகப் போகச் சத்தம் தேயவேண்டும். தேயவில்லை. கிட்டே வந்தது. கைவிரலை முகர்ந்தார். உப்பு. ஊறிப்போன கயிறு வாடை.

காருக்குள் வந்து உட்கார்ந்தார். ஸ்பீக்கரிலிருந்து மறுபடியும் அதே குரல்.

"இரு. இப்ப சொல்லுவாங்க."

அவர்கள் எவ்வளவு நாள் இப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. யாராவது சொல்லவேண்டும். குனிந்து, ஸ்பீக்கர் சல்லடைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, சனிக்கிழமை கேட்டதை அப்படியே சொன்னார். ஒரு வார்த்தை மறக்கவில்லை. வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம்... புயலாக வலுத்திருக்கிறது... மீனவர்கள் இன்று இரவும் நாளையும்...

கடைசி வரியையும் சொல்லி முடித்தார். "கடலுக்குச் செல்ல வேண்டாம்."

உள்ளே அமைதி. அலைகூட நின்றது.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"பாய் கொரலு மாதிரி கீதே."

தண்ணீர் மட்டும் சொட்டியது. அப்புறம் வரதன் குரல், கோபமே இல்லாமல், யோசித்துச் சொல்வதுபோல.

"அப்போ பாய்க்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது."

மணலிலிருந்து ஒவ்வொருவராக எழுந்திருக்கும் சத்தம். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஆபிரகாம் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கேட்டுவிட்டார். அமீர் ஜானுக்கு அதுதான் முதலில் உறைத்ததாம். பேயைக் கேட்டது இல்லை, தான் செய்தது இன்னொரு மனுஷனுக்குத் தெரிந்துவிட்டது என்பதுதான்.

அங்கேயே, டார்ச் வெளிச்சத்தில், பெட்டியைக் கழற்றி வைப்ரேட்டரைப் பிடுங்கினார். கையில் இருந்தது வெறும் டப்பா. வயர் இல்லை, பேட்டரி இல்லை. பழவேற்காடு வரும்வரை அது அவர் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே வந்தது.

மறுநாள் வைப்ரேட்டரைக் குப்பத்து ரேடியோவில் போட்டு, பேட்டரியோடு தோணிரேவுப் படகுத் துறையில் படகு பிடித்துப் போனார். கரையில் இறங்கி, பேட்டரியைத் தோளிலும் ரேடியோவைக் கையிலும் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தார். அது அவ்வளவு கனம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. வழியில் பார்த்தவர்கள், "குடு பாய், நாங்க தூக்கறோம்" என்றார்கள். கொடுக்கவில்லை.

நேராக வரதன் வீட்டுக்குப் போனார். தேவகி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் மணலில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். வயரைப் பற்றவைத்தது, வைப்ரேட்டரை எடுத்தது, வரதனிடம் பொய் சொன்னது, அறிவிப்பைக் கேட்டது, குமிழைத் திருப்பியது, பந்தியில் உட்கார்ந்தது. ஊரைக் கூட்டி என்ன பண்ணினாலும் சரி என்றார்.

தேவகி கை நிற்கவில்லை. அரிசித் தண்ணீரைச் சாய்த்து ஊற்றினாள்.

"தெரியும் பாய்."

"...யாரு சொன்னது?"

"அவருதான். நேத்து வெளக்கு வெக்கிற நேரத்துக்கு வந்தாரு. வாசல்லயே நின்னாரு. உள்ள வான்னேன், வரல. மேலெல்லாம் தண்ணி."

அமீர் ஜான் மணலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ரொம்பக் கோவமா இருந்தாரா?"

தேவகி முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல. நாளைக்கு பாய் செட்டு எடுத்தாருவாரு, கம்பத்தாண்ட அஞ்சு பேருக்கு எடம் வுட்டு வெக்கச் சொல்லுன்னாரு. அவ்ளோதான்."

அவர் அழுதார். அவள் ஊரைக் கூட்டவில்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கரை மாட்டி, பேட்டரியைக் கொடுத்து, ஆறரைக்குத் தயாராக வைத்தார். ஆம்பிளைகள் வந்து உட்கார்ந்தார்கள். பெண்களும் வந்தார்கள். கம்பத்துக்கு வடக்கே ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. தேவகி யாரிடமும் சொல்லியிருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் யாரும் அங்கே உட்காரவில்லை. ஓடி வந்த குழந்தைகள்கூடச் சுற்றிக்கொண்டு போயின.

ஆறு நாற்பது. மிதமான காற்று, கடலுக்குச் செல்லலாம் என்று சொன்னார்கள். ஜனம் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு கலைந்தது. அமீர் ஜான் மட்டும் பேட்டரி வயரைக் கழற்றக் குனிந்தார்.

காலியாக இருந்த இடத்தில், மணலில், ஒரு பீடி கிடந்தது.

எடுத்துப் பார்த்தார். தண்ணீரில் ஊறி, இலை பிரிந்து, கையோடு ஒட்டியது. ஆனால் நுனியில் கங்கு இருந்தது. யாரோ இப்போதுதான் இழுத்து வைத்ததுபோலச் சிவப்பாக இருந்தது.

அவருக்கு அதை அணைக்க மனம் வரவில்லை. இருந்த இடத்திலேயே வைத்தார். அது தானாக அணையட்டும், அதுவரை இங்கே இருப்போம் என்று பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். ஒரு பீடி எவ்வளவு நேரம் எரியும்... உங்களுக்கே தெரியும்.

அது விடியும் வரை எரிந்தது.